பழைய வண்டிக்கு மைலேஜ் குறையுது: கோளாறு வண்டியிலயா, ஓட்டுற கால்லயா?

சும்மா_ஓட்டுறவன்:
நம்ம வண்டிக்கு 18 வயசு ஆச்சு, பெட்ரோல், இன்ஜெக்‌ஷன் மாடல். முன்னாடி லிட்டருக்கு 15 தாராளமா வரும், இப்போ 11 தாண்ட மாட்டேங்குது. புகை இல்ல, இழுவை ஓகே, டேஷ்ல எந்த லைட்டும் எரியல. வீட்ல வித்துத் தொலைன்னு சொல்றாங்க, எனக்கு மனசு வரல. எதுல கை வைக்கறது?

நாலாம்_கியர்:
எதுலயும் கை வைக்காதீங்க ப்ரோ, கால மட்டும் அடக்குங்க. சீக்கிரம் மேல் கியருக்குப் போங்க, ஆக்ஸிலரேட்டர இதமா அமுக்குங்க, சிக்னல் தூரத்துல தெரியும்போதே நியூட்ரல் போட்டு உருட்டுங்க, இறக்கம்னா நான் இஞ்சினையே ஆஃப் பண்ணிடுவேன். மெக்கானிக்கிட்ட போனா பில்லுதான் ஏறும், மைலேஜ் ஏறாது.

கரிப்பிளக்:
ஆஃப் பண்றத தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. இஞ்சின் நின்னா, பெடல லேசாக்கற பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, ரெண்டு மூணு அமுக்குக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டியரிங்கும் போச்சு, சாவிய ஒரு சுத்து அதிகமா திருப்பிட்டா ஸ்டியரிங்கே லாக். மிச்சம் பிடிச்ச பெட்ரோல் ஆஸ்பத்திரி வாசல்ல போயிடும். அப்புறம் நியூட்ரல். இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்லயே வச்சு கால எடுத்தா, ஆர்பிஎம் ஓரளவு மேல இருக்கற வரைக்கும் ஈசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டர மூடிடும், அந்த நேரத்துல பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரல்ல போட்டா இஞ்சின் ஐட்லிங்ல ஓடறதுக்கு பெட்ரோல் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். நீங்க சொல்றது கம்ப்யூட்டர் இல்லாத கார்புரேட்டர் காலத்து பழக்கம்.

நாலாம்_கியர்:
பாதிய சொல்லிட்டு மீதிய விட்டுட்டீங்களே. கியர்ல விட்டா இஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கும், கொஞ்ச தூரத்துல வேகம் செத்துடும், திரும்ப அமுக்கணும். சமதளத்துல நியூட்ரல்ல உருண்டா அதே வேகத்துக்கு ரொம்ப தூரம் போகலாம், ஐட்லிங் செலவக் கழிச்சாலும் லாபம்தான். மைலேஜ் போட்டிக்காரங்க எல்லாம் வேகம் ஏத்தறது, உருட்டறது, திரும்ப ஏத்தறதுன்னு இப்படித்தான் ஓட்டுறாங்க.

கரிப்பிளக்:
காலி ரோட்டுல அது சரி. சிக்னல்ல நிக்கத்தான் போறோம், அதுக்கு எதுக்கு தூரமா உருளணும்? நிக்கப் போற இடத்துக்கும் இறக்கத்துக்கும் கியர்தான். அத விடுங்க, கேட்டவரோட கேள்விக்கு இது பதிலே இல்ல. அதே ஆளு, அதே காலு, 15 வந்தது 11 ஆயிருக்கு. கால் மாறலையே, வண்டிதானே மாறியிருக்கு?

நாலாம்_கியர்:
ரூட் மாறலைன்னு யாரு சொன்னா? எப்படி அளந்தாருன்னாவது கேட்டீங்களா?

சும்மா_ஓட்டுறவன்:
அளவு ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க்தான். ரூட் மாறினது உண்மை, ஆபீஸ் பக்கத்துலயே வந்துடுச்சு, இப்போ ஓட்டறதெல்லாம் துண்டு துண்டா சின்ன ட்ரிப்தான். போன வருஷம் டயரும் மாத்தினேன், ஒரு சைஸ் பெருசு.

நாலாம்_கியர்:
பாத்தீங்களா!! இஞ்சின் சூடாகறதுக்குள்ள ஊரு வந்துடுது. குளிர்ந்த இஞ்சினுக்கு ஈசியு பெட்ரோல அதிகமாத்தான் ஊத்தும், ஒவ்வொரு ட்ரிப்பும் அப்படின்னா 11 வந்ததே பெரிய விஷயம். பெரிய டயர் போட்டா ஓடோமீட்டர் வேற நிஜ தூரத்த விட கம்மியா காட்டும், வண்டி 100 கிலோமீட்டர் போயிருந்தா மீட்டர்ல 97னு இருக்கலாம். பாதி மைலேஜ் காகிதத்துலதான் குறைஞ்சிருக்கு.

கரிப்பிளக்:
அந்தக் கணக்குல 3 சதவீதம் போகும், ஒத்துக்கறேன். 15ல இருந்து 11ங்கறது 25 சதவீதத்துக்கு மேல, மீதி எங்க? சின்ன ட்ரிப்பு ஒரு பங்கு தின்னும், சரி. ஆனா நீளமா ஓட்டும்போதாவது டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வருதான்னு பாருங்க. வரலைன்னா தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடியே மாட்டியிருக்கும், இஞ்சின் முழுசா சூடாகாது, ஈசியுவும் ஊத்திக்கிட்டே இருக்கும். சின்ன பார்ட்தான், நிறைய பேர் பாக்கறதே இல்ல. அடுத்தது ஆக்ஸிஜன் சென்சார், புகையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு ஈசியுவுக்கு சொல்றது, வயசானா மந்தமாயிடும், சில சமயம் லைட்டே எரியாது. அது மோசமா கெட்டுப் போயிருந்து சரி பண்ணா 40 சதவீதம் வரைக்கும் மைலேஜ் கூடலாம்னு அமெரிக்க அரசே போட்டிருக்கு. ஸ்பார்க் பிளக்க கழட்டிப் பாருங்க, முனை இளம் பழுப்பா இருந்தா நல்லது, கரி படிஞ்சு கருப்பா இருந்தா காத்தோட பெட்ரோல் தேவைக்கு அதிகமா கலக்குதுன்னு அர்த்தம்.

டிக்கி_ஃபுல்:
ஏர் ஃபில்டர் மாத்துங்க சார், எல்லாரும் முதல்ல அதத்தான் சொல்லுவாங்க

கரிப்பிளக்:
கார்புரேட்டர் வண்டின்னா மைலேஜ் கூடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில காத்து கம்மியா வந்தா ஈசியு பெட்ரோலையும் கம்மி பண்ணிடும், அதனால இழுவைதான் குறையும். அழுக்கா இருந்தா மாத்துங்க, மைலேஜுக்காகன்னு மாத்தாதீங்க. உங்க டிக்கிய காலி பண்ணாலே அதவிட உபயோகம்.

புதுசு_பார்ட்டி:
பெட்ரோல் பைப்புல மாட்ற காந்தம் விக்குதே, அது எப்படி? இல்லன்னா பிரீமியம் பெட்ரோல் போட்டா?

நாலாம்_கியர்:
காந்தத்த ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கோங்க. சாதா பெட்ரோலுக்குன்னு செஞ்ச இஞ்சின்ல ஆக்டேன் கூடினா மைலேஜ் கூடாது. இதுலயாவது கரிப்பிளக்கும் நானும் ஒரே கட்சின்னு நினைக்கறேன்.

கரிப்பிளக்:
இதுல மட்டும். @சும்மா_ஓட்டுறவன், காசு செலவில்லாத டெஸ்ட் ஒண்ணு. கொஞ்ச தூரம் ஓட்டுங்க, கடைசியில பிரேக்க அதிகம் தொடாம வேகத்த இறக்கி நிறுத்திட்டு, புறங்கைய நாலு வீல் கிட்டயும் கொண்டு போய்ப் பாருங்க, தொட வேணாம். ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்க பிரேக் விடாம உரசுது.

சும்மா_ஓட்டுறவன்:
இப்பதான் பாத்துட்டு வரேன். பின்பக்கம் இடது வீல் கிட்ட கைய வைக்கவே முடியல, மத்த மூணும் வெதுவெதுன்னு இருக்கு. ஜாக்கி வச்சுத் தூக்கி ஹேண்ட்பிரேக்க விட்டுட்டு சுத்தினா கையால தள்ளினாலும் அரைச் சுத்துல நின்னுடுது. போன சர்வீஸ்ல ஹேண்ட்பிரேக்க டைட் பண்ணச் சொல்லியிருந்தேன்.

கரிப்பிளக்:
கேபிள் திரும்ப மாட்டேங்குது, இல்லன்னா ஓவரா டைட் பண்ணிட்டாங்க. பிரேக் ட்ரம்மக் கழட்டி உள்ள உரசற பிரேக் ஷூவையும் பாக்கச் சொல்லுங்க. நான் என்ன சொன்னேன், வண்டியிலதான் கோளாறு.

நாலாம்_கியர்:
ஒரு பின் வீல் உரசினதுக்கு நாலு கிலோமீட்டரா? நம்ப மாட்டேன். சரி பண்ணிட்டு நீளமா ஒரு ஃபுல் டேங்க் ஓட்டி நம்பரப் போடுங்க, அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் சின்ன ட்ரிப்புக்கு நடந்து போங்க ப்ரோ.