அலுவலக ஆங்கிலத்தில் மரியாதை: நீங்கள் பார்த்ததையும் பழகியதையும் எழுதுங்கள்

வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலத்தைப் பணிவாகப் பேசவும் எழுதவும் எப்படிப் பழகினீர்கள்? இலக்கணத்தைக் கேட்கவில்லை. இலக்கணம் சரியாக இருந்தும் படிப்பவருக்குச் சுருக்கென்று தைக்கிற வாக்கியங்கள் உண்டே, அவற்றைப் பற்றித்தான். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான். கெட்டிக்காரன், பேச்சில் அத்தனை மரியாதை. என்னிடம் ‘அண்ணா, அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்புறீங்களா?’ என்று கேட்பவன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘சென்ட் மீ த ஃபைல் டுடே’ என்று எழுதுவான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் தாமதமாக வரும். வந்தாலும் ஒற்றை வரிதான். அவனிடம் மரியாதை இல்லாமல் இல்லை. தமிழில் அந்த வேலையை வினைச்சொல்லின் வாலே செய்துவிடுகிறது: அனுப்பு, அனுப்புங்க, அனுப்புங்களேன். ‘சென்ட்’டுக்கு அந்த வால் கிடையாது. ‘யூ’வில் நீ, நீங்கள் என்ற பிரிவும் இல்லை. அப்படியென்றால் மரியாதையை வாக்கியத்தில் வேறு எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும். ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’, ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ எல்லாம் அதற்காக இருப்பவை.

ஒரு நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவனுடைய மெயில் ஒன்றை மாற்றினோம். அவன் எழுதியிருந்தது: ‘யூ ஹேவ் நாட் சென்ட் தி அப்ரூவல். சென்ட் இட் பை தர்ஸ்டே.’ கடைசியில் அனுப்பியது: ‘ஐ டோன்ட் திங்க் வீ ஹேவ் ரிசீவ்ட் தி அப்ரூவல் யெட். குட் யூ சென்ட் இட் பை தர்ஸ்டே, ஸோ தட் வீ கேன் ஸ்டார்ட் ஆன் ஃப்ரைடே?’ முதல் வாக்கியத்தில் ‘யூ’ போய் ‘வீ’ வந்தது. ‘நீ அனுப்பவில்லை’ என்பது ‘எங்களுக்கு இன்னும் வரவில்லை’ என்று ஆனது. வியாழக்கிழமை ஏன் என்பதற்கும் காரணம் கிடைத்தது. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் போதாதா என்று கேட்டான். ‘ப்ளீஸ் சென்ட்’ என்பதும் ஏவல்தான். கேள்வியாகக் கேட்டால்தான் எதிராளிக்கு ‘முடியாது’ என்று சொல்லவும் ஒரு வழி இருக்கும்.

பெனலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் 1978இல் பணிவைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. மற்ற இரண்டு ஆங்கிலமும் மெக்சிகோவில் பேசப்படும் செல்தாலும். நெருக்கம் காட்டுவது ஒரு வகைப் பணிவு, அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நிற்பது இன்னொரு வகை என்று பிரித்தார்கள். அலுவலக ஆங்கிலத்தில் ஒன்றைக் கேட்கும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் செல்லுபடியாகும். ‘ஐ வாண்டட் டு ஆஸ்க்’ என்று இப்போது கேட்பதையே இறந்தகாலத்தில் சொல்வதுகூட அப்படித் தள்ளி நிற்பதுதான்.

* * *

அண்ணன் மெயிலைப் பற்றி எழுதிவிட்டார். நான் தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு ‘இல்லை’ என்று சொல்வதுதான் அன்றாடப் பாடு.

எங்கள் டீம் லீட் அக்கா பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு தாண்டிய ஒருவர் லைனில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா ‘நாட் பாசிபிள்’ என்று சொல்லவே இல்லை. அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம், ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் வை யூ ஆர் அப்செட். ஐ’ம் அஃப்ரெய்ட் வீ கான்ட் ரீஃபண்ட் திஸ் ஒன். வாட் ஐ கேன் டூ இஸ்...’ என்று மூச்சு விடாமல் அடுத்ததற்குப் போய், பொருளை மாற்றித் தருவதைப் பற்றிப் பேசினார். ‘ஐ’ம் அஃப்ரெய்ட்’ என்பதில் பயம் எதுவும் இல்லை. கசப்பான செய்தி வரப்போகிறது என்று கேட்பவர் மனதைத் தயார்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பலன் இல்லை. முடியாததைச் சொன்ன அதே மூச்சில் முடிவதையும் சொல்ல வேண்டும். அந்த வாடிக்கையாளர் கடைசியில் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

புதிதாக வருபவர்கள் திணறுகிற இடம் ஒன்று உண்டு. ‘வுட் யூ மைண்ட் ஹோல்டிங் ஃபார் அ மொமென்ட்?’ என்று கேட்டால் அவர் ‘நோ, கோ அஹெட்’ என்பார். அங்கே ‘நோ’ என்றால் சம்மதம். எனக்கு ஆட்சேபம் இல்லை என்று பொருள். மறுக்கிறார் என்று நினைத்துத் தடுமாற வேண்டாம். கேட்டதற்குப் பதில் வரும் முன்பே ஹோல்ட் பட்டனை அழுத்துவதுதான் உண்மையான மரியாதைக் குறைவு.

காதில் சரியாக விழாவிட்டால் ‘வாட்?’ என்று கேட்காமல் ‘சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்’ என்று சொல்லுங்கள். ‘வாட் இஸ் யுவர் நேம்’ என்பதைவிட ‘மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?’ நல்லது.

* * *

இருவர் சொன்னதும் சரி. ஆனால் பணிவு அளவுக்கு மீறிப்போவதையும் பேச வேண்டும். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ‘அட் யுவர் இயர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று எனக்கு ஒரு மெயில் வந்தது. அவசரம் இல்லை என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? அனுப்பியவருக்கு அன்று மாலையே அது தேவைப்பட்டிருக்கிறது. எவ்வளவு பணிவாக எழுதினாலும் தேதியை எழுதுங்கள்.

‘ரெஸ்பெக்டட் சார்’, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, ‘ரிவர்ட் பேக்’ எல்லாம் இந்திய அலுவலகங்களில் புழங்குகிற ஆங்கிலம். நமக்குள் எழுதிக்கொள்ளும்போது அதில் ஒரு குறையும் இல்லை, யாரும் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘நீட்ஃபுல்’ பழங்காலத்துச் சொல்லாகத் தெரியும். அதைவிட, என்ன செய்ய வேண்டும் என்பதே அதில் இல்லை. ‘ரிவர்ட்’ என்றால் அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது.

இவற்றைவிட ஆபத்தானது ‘டவுட்’. ஒரு மீட்டிங்கில் எங்கள் பையன் ‘ஐ ஹேவ் அ டவுட் அபௌட் யுவர் ஃபிகர்ஸ்’ என்றான். எதிரில் இருந்தவரின் முகம் மாறிவிட்டது. கணக்கையே சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் மேனேஜர் உடனே ‘ஹீ ஹேஸ் அ கொஸ்டின்’ என்று எடுத்துக்கொடுத்த பிறகுதான் பேச்சு தொடர்ந்தது.

நாடு மாறினால் சொல்லும் மாறும். ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே பேசலாம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் தள்ளிவைக்கலாம் என்று பொருள். இரண்டு தரப்பும் இருக்கும் கூட்டத்தில் அந்தச் சொல்லையே நான் தொடுவதில்லை. கடித முடிப்பில், ‘டியர் சர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்பது பிரிட்டிஷ் வழக்கம். மெயிலுக்கு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ போதும்.

* * *

மேலதிகாரியோடு கருத்து வேறுபடும்போது எப்படிப் பேசுவது என்று யாரும் எழுதவில்லையே. ‘யூ ஆர் ராங்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. பலர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள், அதுதான் நஷ்டம். ‘குட் வீ லுக் அட் த செகண்ட் லைன் அகெய்ன்?’ என்று கேட்டுப் பாருங்கள். தவறு அந்த வரியில்தான் இருக்கிறது என்று நீங்கள் சொல்லாமலே அவர் கண்ணில் பட்டுவிடும். ‘ஐ ஸீ இட் அ பிட் டிஃபரன்ட்லி’யும் கைகொடுக்கும்.

பார்க்கப் பணிவாக இருந்து குத்துகிற சொற்களும் உண்டு. ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’ என்றால் பலருக்கு ‘படிக்கவே இல்லையா?’ என்று கேட்கும். பழைய மெயிலில் இருந்த விஷயத்தையே இரண்டு வரியில் மறுபடி எழுதிவிடுவது மேல்.

நான் பழகிய வழி இதுதான்: எனக்கு வருகிற நல்ல மெயில்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். யார் யாருக்கு எழுதியது, எதற்காக என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். பட்டியலில் மனப்பாடம் செய்த சொற்றொடர் அவசரத்துக்கு வராது. ஒரு ஆளும் ஒரு சந்தர்ப்பமும் சேர்ந்து நினைவில் இருந்தால் தானாக வரும்.

அலுவலக சாட்டுக்கும் ஒன்று சொல்கிறேன். ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் வேலையை விட்டுவிட்டு என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டிருப்பார். ‘ஹாய், குட் யூ செக் த மார்ச் இன்வாய்ஸ் வென் யூ ஹேவ் டைம்? நோ ரஷ், எனி டைம் பிஃபோர் ஃபைவ்’ என்று ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள்.