ஃபெஞ்சல் மழையில் சேலமும் ஏற்காடும்: நாம் பார்த்ததும் செய்ததும்

மலைத்தோட்டம் எழுதியது:

ஐப்பசி பிறந்துவிட்டது. மழை இறுகுவதற்கு முன் இந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். 2024 ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் பக்கம் என்ன நடந்தது, எது காப்பாற்றியது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும், கடல் எங்கே நாம் எங்கே என்று நிம்மதியாகப் படுத்துவிட்டோம். காற்று வரவில்லைதான். ஆனால் வலுவிழந்த புயல் உள்மாவட்டங்கள் வழியாக மெல்ல நகர்ந்து, வைத்திருந்த தண்ணீரையெல்லாம் நம் பக்கம் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். எங்கள் மலைப்பாதையில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள். மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. பழம் பறிக்கும் சமயம் அது. செடியிலிருந்த பழத்தில் பாதி உதிர்ந்து சேற்றோடு போனது.

வீடு போகவில்லை. அதற்குக் காரணம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. தீபாவளிக்கு மறுவாரமே எங்களைக் கூப்பிட்டு, "மொதல்ல வாயைத் தொறங்கப்பா" என்றார். ரோட்டுக்கு அடியில் ஓடை போகும் சிறுபாலத்தின் வாயைத்தான் சொன்னார். ஆறு பேர் இறங்கினோம். சில்வர் ஓக் சருகு, சுற்றுலா வந்தவர்கள் போட்ட தண்ணீர் பாட்டில், கேரி பேக், அதன் மேல் ஒரு அடிக்கு வண்டல். இரண்டு ஞாயிறு போனது.

அப்புறம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புச் சுவர். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். சுவருக்குப் பின்னால் ஊறுகிற தண்ணீர் வடிவதற்கு. எல்லாம் மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தது. பெரியப்பா ஒவ்வொன்றிலும் கடப்பாரையை விட்டுக் குடைந்தார். முதலில் கட்டி கட்டியாக மண் விழுந்தது. ஐந்தாவது ஓட்டையில் குடைந்தபோது செம்மண் தண்ணீர் டீ நிறத்தில் அவர் சட்டையிலேயே பீய்ச்சி அடித்தது. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது! ஈரம் ஏறிய மண் கனத்துப் போகும், உள்ளே நிற்கிற தண்ணீர் சுவரைத் தள்ளும். டிசம்பர் 2 காலையில் அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் நின்றது. நூறடி தள்ளி, யாரும் கை வைக்காத இன்னொரு சிறுபாலம் அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டின் மேலேறிப் பாய்ந்தது. ரோட்டின் ஓரத்தையே அரித்துக்கொண்டு போய்விட்டது.

*

தறிக்காரன் எழுதியது:

அண்ணா, உங்கள் மழைதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நாங்கள் திருமணிமுத்தாற்றுக்குப் பக்கத்துத் தெரு. ஆறு உங்கள் சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் ஊருக்குள் ஓடுகிறது. அன்றைக்கு ஊரில் மழை விட்டுவிட்டது, வெளுத்தும் விட்டது. துணி காயப் போடலாமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆறு ஏறியது. நாங்கள் பார்த்ததெல்லாம் எங்கள் தலைக்கு மேல் இருந்த வானத்தை மட்டும். மலையைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களுடையது குழித்தறி. கால் மிதிக்கிற குழிக்குள் தண்ணீர் தெருவழியாகத்தான் வரும் என்றில்லை, தரைக்குள்ளிருந்தே ஊறும். வாசல் காய்ந்திருக்கும், குழியில் முழங்கால் அளவு நிற்கும். தறியில் அப்போது பட்டுப் பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல், ஏற்றி, இரண்டு வேட்டி அளவுக்கு நெய்திருந்தேன். கீழ்ப்பக்கம் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. முழுப் பாவும் போனது. குழி காய்ந்து மறுபடி தறியில் உட்கார இருபது நாள் ஆனது. நெசவாளி வீட்டில் வெள்ளத்தின் நஷ்டம் தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது, அதை எந்தக் கணக்கெடுப்பிலும் எழுத இடமில்லை.

இப்போது எங்கள் தெருவில் செய்திருப்பது இது. மலையில் இருக்கிற மூன்று வீட்டாரோடு ஒரு வாட்ஸ்அப் குழு. அங்கே கனமாகப் பெய்தால் "மேலே மழை" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், அவ்வளவுதான். அது வந்தால் முதலில் பாவைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றுகிறோம். ஒரு தறிக்கு மூன்று பேர் வேண்டும், அதனால் எந்த வீட்டுக்கு யார் போவது என்று முன்னாலேயே பேசி வைத்திருக்கிறோம். ஸ்கூல் சுவரில் 2024-ல் தண்ணீர் நின்ற அளவுக்குச் சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டிருக்கிறோம். இன்னொன்று, நஷ்ட ஈடு கேட்டுப் போனபோது தறி முன்னால் எப்படி இருந்தது என்று காட்டச் சொன்னார்கள், என்னிடம் ஒன்றுமில்லை. இப்போதே தறி, பாவு, நூல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

*

பழைய லைன்மேன் எழுதியது:

முப்பது வருஷம் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில்வர் ஓக் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும். கம்பிக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மழை இறுகுவதற்குள் வெட்டச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக வெட்டாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கிட்டே போகக் கூடாது. ஏற்கனவே கிட்டே போய்விட்டீர்கள் என்றால் நீட்டி எட்டு வைக்காமல், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்தபடி தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். மின்வாரியத்தில் புகார் சொல்லும் மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் எண் 1077.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சுவிட்ச்) இல்லாமல் வீட்டு வயரிங்கில் சொருகாதீர்கள். உங்கள் வீட்டுக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கி ஏறி 11,000 வோல்ட்டாகி லைனுக்குப் போகும். லைனை நிறுத்திவிட்டோம் என்று நம்பி ஒருவன் கம்பத்தின் மேல் இருப்பான். என்னோடு வேலை பார்த்த பையன் அப்படித்தான் விழுந்தான். உயிர் பிழைத்தான், வலது கை போய்விட்டது.

*

சங்ககிரி லாரி எழுதியது:

2013 அக்டோபரில் ஒடிசாவில் மாட்டிக்கொண்டேன். பைலின் புயல். கோபால்பூர் பக்கம் கரை கடக்கப் போகிறது என்று முதல் நாளே போலீஸ் லாரிகளை ஓரம் கட்டச் சொன்னது. நானும் கிளீனரும் வண்டிக்குள்ளேயே இருந்துகொள்ளலாம் என்று பார்த்தோம். பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார்கள். தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய புயல் பாதுகாப்புக் கட்டடம். வாசலில் ஓர் அக்கா நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வீட்டின் பெயரையும் படித்து, வராதவர்களைக் கூட்டிவர ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். எங்கள் இருவரையும் லாரி நம்பரோடு எழுதிக்கொண்டார். பாஷை தெரியாது, ஆனால் நாங்களும் அந்த நோட்டில் இருந்தோம்.

1999 புயலில் அந்த மாநிலத்தில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கட்டடம் அரசாங்கம் கட்டியது, சரி. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டது ஊர்க்காரர்கள்.

*

கன்னங்குறிச்சி எழுதியது:

மலையிலிருந்து வரும் தண்ணீர் எங்கள் புது ஏரிக்கு வந்து, அது நிரம்பி மூக்கனேரிக்குப் போகும். ஏரியைத் தூர் வாரினால் போதும் என்று எல்லாரும் பேசுகிறோம். வாய்க்கால் குறுகிவிட்டால் ஏரி ஆழமாக இருந்து என்ன பயன்? எங்கள் தெருவில் வாய்க்காலின் மேல் படிக்கட்டு கட்டியிருந்த நான்கு வீட்டில் இரண்டு வீட்டார் தாங்களாகவே இடித்துவிட்டார்கள். மற்ற இரண்டு வீட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

மலைத்தோட்டம் எழுதியது:

லாரி அண்ணா சொன்ன நோட்டை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஊரில் 41 வீடு. படுக்கையில் இருப்பவர்கள் மூன்று பேர், மாசமாக இருப்பவர் ஒருவர், தனியாக இருக்கிற பாட்டிமார் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் எதிரே யார் போய்த் தூக்கி வருவது என்று ஒரு பெயர் எழுதுகிறோம். ஒரு பாட்டிக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வீடு ஓடைக்கு அந்தப் பக்கம்.

தறிக்காரத் தம்பி, என் நம்பரையும் உங்கள் குழுவில் சேருங்கள். அந்த அடைத்துக்கொண்ட சிறுபாலத்துக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போகிறோம். வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வாருங்கள், கடப்பாரை பெரியப்பாவிடம் இருக்கிறது.