ஸ்டீராய்டு ஊசியை நிறுத்த எந்த டாக்டரைப் பார்ப்பது?

தம்பிக்கு 19 வயது, கல்லூரி பளுதூக்கும் அணியில் இருக்கிறான். ஊர் திருச்சி பக்கம். தீபாவளிக்கு அப்புறம் ஜிம்மில் யாரோ நான்ட்ரோலோன் ஊசியும் டயனபால் மாத்திரையும் (இரண்டுமே தசை வளர்க்கும் ஸ்டீராய்டு) பழக்கிவிட்டார்கள். இப்போது முதுகெல்லாம் பெரிய பெரிய பரு, மார்புக்காம்புக்கு அடியில் கட்டி மாதிரி வீக்கம். பனியன் உரசினாலே வலிக்கிறதாம். பிரஷர் 150/100. தொட்டதற்கெல்லாம் கோபம் வேறு.

பயிற்சியாளரிடம் பேசினோம். "எல்லாப் பசங்களும் போடுறதுதான்" என்று முடித்துவிட்டார் (நல்ல பயிற்சியாளர்!). தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். ஊசி விஷயத்தை இவன் அவரிடம் சொல்லவே இல்லை. நாடா (NADA, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) சோதனையில் சிக்கினால் 4 வருடம் வரை தடை என்றதற்கும் அசையவில்லை. மார்பு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் இப்போது "நிறுத்துகிறேன்" என்கிறான். ஆனால் நிறுத்தியதும் உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்க மாதக்கணக்கில் ஆகலாம், மனச்சோர்வும் வரலாம் என்பதால் டாக்டரைப் பார்க்காமல் வீட்டிலேயே நிறுத்தவிட பயமாக இருக்கிறது.

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இதைத் திட்டாமல் கேட்டுப் பார்க்கிற ஹார்மோன் டாக்டர் யாரையாவது தெரியுமா?