கொல்கத்தாவுக்கு இருவர் மட்டும்

புதன், ஜனவரி 7

நான் (இரவு 8.05): அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை மாலை நானும் அவரும் கொல்கத்தாவுக்குப் புறப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு விமானத்தில் சென்னைக்குத் திரும்புகிறோம். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளில் பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போவது இதுதான் முதல் முறை. பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக அத்தை சொன்ன அன்றே, அவர் மனம் மாறுவதற்குள் பயணச்சீட்டை எடுத்துவிட்டோம். கையில் இருப்பவை இரண்டு பகல்கள்தாம். சித்தி அங்கே பதினான்கு ஆண்டுகள் குடியிருந்தவர் என்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்பதைவிட எதை விட்டுவிடலாம் என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

தம்பி (இரவு 8.07): ஓகே அக்கா, சூப்பர்.

பெரியப்பா (இரவு 8.15): தம்பி, இந்தக் குழுவில் முழு வாக்கியத்தில் தமிழில் எழுதுவது என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் சேர்ந்தோம் என்பதை ஐந்தாவது முறையாக நினைவூட்டுகிறேன். மகளே, மிக்க மகிழ்ச்சி. 1814-இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் பௌத்தத் தூபியின் கல்வேலி இருக்கிறது. அதற்கு ஒரு முற்பகல் வேண்டும். தேசிய நூலகம், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் ஆகிய மூன்றையும் பிற்பகலில் முடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கல்லூரிச் சாலைப் பழைய புத்தகக் கடைகளுக்கு ஒதுக்கலாம்.

சித்தி (இரவு 8.31): அத்தான், அவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்குப் போகவில்லை. தட்சிணேஸ்வரம் ஊரின் வடகோடி, நூலகம் தென்பக்கம். இரண்டையும் ஒரே பிற்பகலில் வைத்தால் அவர்கள் பார்க்கப் போவது வாடகைக்காரின் சன்னலைத்தான். மே மாதத்தில் அந்த ஊரில் நான்கு தெரு நடக்க முடியாது, வேர்வையில் ஊறிப்போவோம். நடந்து பார்க்க அந்த நகரம் அனுமதிக்கும் காலம் மார்கழியும் தையும்தான். ஆகையால் நடப்பதையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கிழக்கே இருப்பதால் அங்கே பொழுது சீக்கிரம் சாயும். இந்த வாரத்தில் மாலை 5 மணி 10 நிமிடத்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம் சென்னையில் ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கிறதே என்ற கணக்கில் கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

அம்மா (இரவு 8.40): குளிர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை இருக்கிறதா?

சித்தி (இரவு 8.52): அக்கா, பகலில் மெல்லிய சால்வை போதும், விடியற்காலையில் 12 டிகிரி வரை இறங்கும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் குளிருக்குப் பயப்படுவதைப் பார்த்தால் இமயமலை உச்சியில் இருக்கிறோமோ என்ற ஐயம் வந்துவிடும். நவம்பரில் முதல் காற்று வீசியதும் வீட்டுக்கு வீடு மங்கி குல்லாய் வெளியே வரும். உன் தங்கை வீட்டுக்காரர் முதல் ஆண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் ஆண்டு தாமே ஒன்று வாங்கிக்கொண்டார். அந்தப் படத்தை இங்கே பகிர எனக்கு அனுமதி இல்லை.

அத்தை (இரவு 9.10): எனக்கு ஊர் சுற்றும் விவரம் எதுவும் தெரியாது. அங்கே குளிர்காலத்தில் ஈச்சம்பாலில் வெல்லம் காய்ச்சுவார்கள் என்று எப்போதோ கேட்டிருக்கிறேன். என் அப்பா காலத்தில் எங்கள் விளையில் நூறு பனைக்கு மேல் நின்றன. கருப்பட்டி காய்ச்சுகிற வாசனையில்தான் வளர்ந்தேன். ஈச்ச வெல்லத்தின் சுவை எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. சிரமம் என்றால் வேண்டாம்.

சித்தி (இரவு 9.34): மதினி, நீங்கள் கேட்டது அந்த ஊரின் குளிர்காலத்தையே கேட்டது போல. அதற்கு நோலன் குர் என்று பெயர். மரம் ஏறுகிறவரைச் சியூலி என்பார்கள். பனையில் பாளையைச் சீவுகிறோம் அல்லவா, அங்கே ஈச்சமரத்தின் கொண்டைக்குக் கீழே தண்டையே சீவி, ஒரு மூங்கில் குழலைச் செருகி, மாலையில் பானையைக் கட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறக்கிவிடுவார்கள். வெயில் பட்டால் புளித்துப்போகும். குளிர் கூடக் கூடச் சாறு தெளிந்து இனிக்கும் என்பதால், தை கழிந்து வெப்பம் தொடங்கியதும் அந்த ஆண்டின் வெல்லம் முடிந்தது. சந்தேஷ், ரசகுல்லா, பாயசம் எல்லாமே இந்த மூன்று மாதங்களுக்குப் பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும்.

அத்தை (இரவு 9.41): எங்களுக்குப் பங்குனியில் தொடங்கி ஆடிவரை கொளுத்துகிற வெயிலில்தான் பதனீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவவில்லை என்றால் மாலைக்குள் கள்ளாகிவிடும். அங்கே பாதி வேலையைக் குளிர் செய்துவிடுகிறதா? கொடுத்துவைத்தவர்கள்தாம்.

சித்தி (இரவு 9.55): வாங்கும் விதத்தையும் மருமகளுக்குச் சொல்லிவிடுகிறேன். பாகாக இருப்பது ஜோலா, கட்டியாக இருப்பது பாட்டாலி. நீங்கள் கைப்பையோடு மட்டும் போவதாக இருந்தால் ஜோலாவை விமானத்தில் உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள், பாட்டாலியே வாங்கு. பளபளவென்று கல் போல இருந்தால் சர்க்கரை கலந்தது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் இளக வேண்டும், பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே மணம் வர வேண்டும். லேக் மார்க்கெட்டுக்குப் போ. நாங்கள் குடியிருந்த பகுதி அது. கறிவேப்பிலையும் காப்பித்தூளும் தமிழில் கேட்டே வாங்கலாம்.

வெள்ளி, ஜனவரி 9

நான் (இரவு 11.20): நலமாக வந்து சேர்ந்தோம். தங்கும் விடுதியில் வெந்நீர் காலை ஏழு மணிக்கு மேல்தான் வருமாம். முன்பதிவின்போது இதை அவர்கள் சொல்லவில்லை. அவர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாளைக்குக் குளிப்பது கட்டாயமா என்று கேட்கிறார்.

சனி, ஜனவரி 10

நான் (காலை 10.45): சித்தி சொன்னபடி விடியலிலேயே மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விட்டோம். கப்பல் கயிற்றைச் சுருட்டி வைத்தது போலக் கேந்திப்பூ மாலைகளைச் சுருள் சுருளாக அடுக்கி, அவற்றைத் தலையில் சுமந்துகொண்டு ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டே அரை மணி நேரம் கழிந்தது. கங்கைக்கரைப் படிகளில் அந்தக் குளிரிலும் ஆட்கள் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு வெந்நீரைப் பற்றிப் பேச எங்கள் இருவருக்குமே வெட்கமாகிவிட்டது. அங்கிருந்து ஹவுரா பாலத்தின் மீது நடந்தே அக்கரைக்குப் போய், மண்குவளையில் தேநீர் குடித்துவிட்டு, ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் இக்கரைக்குத் திரும்பினோம்.

வீட்டுக்காரர் (காலை 11.02): பாப்பாவுக்கு ஒரு செய்தி, என் அம்மா படித்துக் காட்டவும். நாம் பேசியபடியே நான் எண்ணிப் பார்த்தேன். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் 520 மீட்டர். ரயில் அதைக் கடக்க ஏறக்குறைய 45 வினாடிகள்தான் ஆகின்றன. தண்ணீருக்கு அடியில் வந்துவிட்டோம் என்று தெரிவதற்காகச் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் எரிகின்றன; மீன் எதுவும் தெரியாது. 1984-இல் நாட்டின் முதல் மெட்ரோவை ஓட்டிய ஊர், ஆற்றுக்கு அடியில் முதலில் ஓட்டியதும் அதே ஊர்தான், 2024-இல். மேலே இருக்கும் பாலம் 1943-இல் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய பாலத்தில் திருகாணியே கிடையாது, எல்லாம் அறைந்த ஆணிகள். அதன் கால்களை அரிப்பது வெள்ளமோ உப்புக்காற்றோ அல்ல, நடந்து போகிறவர்கள் துப்பும் வெற்றிலை எச்சில். கட்டுமானத் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிட வருத்தமான காட்சி இல்லை.

தம்பி (காலை 11.10): அத்தான், மனைவியோடு தனியாக ஊர் சுற்றப் போன இடத்தில் ஆணிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நாளை ஞாயிறு, விடியற்காலை டிரெட்டா பஜாருக்குப் போனால் அங்குள்ள சீனக் குடும்பங்கள் தெருவிலேயே காலை உணவு விற்பார்கள். தவற விடாதீர்கள்.

பெரியப்பா (காலை 11.25): அருங்காட்சியகத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

அம்மா (பிற்பகல் 1.15): சாப்பிட்டீர்களா? எங்கே இருக்கிறீர்கள்?

அம்மா (பிற்பகல் 2.30): இரண்டு பேரும் பதில் போடவில்லையே.

பெரியப்பா (பிற்பகல் 2.48): அருங்காட்சியகத்துக்குள் இருப்பார்கள், அங்கே கைப்பேசியைப் பார்க்க நேரம் இருக்காது.

வீட்டுக்காரர் (பிற்பகல் 3.35): எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அருங்காட்சியகத்தில் இல்லை. விக்டோரியா நினைவகத்தின் புல்வெளியில் ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம். கட்டடத்துக்குள்ளும் போகவில்லை, வரிசை நீளம். காலையிலிருந்து இந்தக் குழுவுக்குப் பதில் எழுதுவதிலேயே அவளுக்குப் பாதி நேரம் போகிறது. அதில் என் பங்கும் உண்டு. ஆகையால் மாலை 4 மணியிலிருந்து நாளைக் காலைவரை இரண்டு கைப்பேசிகளையும் அணைத்துவைக்கிறோம். அவசரம் என்றால் விடுதியின் எண் அம்மாவிடம் இருக்கிறது.

அம்மா (பிற்பகல் 3.37): அணைத்துவிட்டால் எப்படி?

சித்தி (பிற்பகல் 3.39): மாப்பிள்ளை, நல்ல முடிவு. அக்கா, நீ போய்க் காப்பி குடி.

ஞாயிறு, ஜனவரி 11

நான் (காலை 9.40): வணக்கம். டிரெட்டா பஜாருக்குப் போகவில்லை, தம்பி. எட்டரை மணிவரை தூங்கினோம். கடைசியாக அப்படித் தூங்கியது எப்போது என்று யோசித்தோம், இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நேற்று மாலை பிரின்செப் படித்துறையிலிருந்து ஒரு மரப்படகில் போனோம். துடுப்புத் தள்ளியவர் வயதானவர். மங்கி குல்லாய்க்குள் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. மேலே வித்யாசாகர் பாலத்தின் கம்பிகள், எதிரே ஹவுரா பக்கத்துப் புகைமூட்டத்துக்குள் தட்டுப் போலச் சிவப்பாக இறங்கும் சூரியன். 5.10 என்று சித்தி சொன்னது நிமிடம் பிசகவில்லை. முதல் கால் மணி நேரம் பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். பிறகு வீட்டுக்கடனைப் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணம் ஆன புதிதில் அப்படி ஒரு இடைவெளி வந்தால் எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும் என்று எனக்குப் பதற்றமாக இருக்கும். நேற்று அது தோன்றவே இல்லை. இதற்கு மேல் பெரியவர்கள் இருக்கும் குழுவில் எழுத மாட்டேன்.

பெரியப்பா (காலை 9.58): அருங்காட்சியகத்தைத் தவிர்த்ததை நான் மன்னிக்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். நீங்கள் படகேறிய துறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று படகுக்காரர் சொன்னாரா? ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். நம் நாட்டில் யாராலும் படிக்க முடியாமல் கிடந்த அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837-இல் படித்து முடித்தவர் அவர்தான். 1840-இல், நாற்பது வயதில் இறந்துபோனார். அவர் வாசித்துக் காட்டியிராவிட்டால், அசோகர் தம் எல்லைக்கு அப்பால் இருந்த சோழரையும் பாண்டியரையும் சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் கல்லில் குறித்துவைத்த செய்தி இன்னும் எவ்வளவு காலம் ஊமையாகக் கிடந்திருக்குமோ. ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துறையை நான் பார்த்ததில்லை. படிகளின் படம் ஒன்று இருந்தால் அனுப்பு.

நான் (காலை 10.06): கைப்பேசியை அணைத்துவைத்திருந்தோமே பெரியப்பா. பிற்பகலில் அந்த வழியாகப் போய் எடுத்து அனுப்புகிறேன். அவரும் சரி என்கிறார்.

நான் (பிற்பகல் 1.20): லேக் மார்க்கெட்டில் பாட்டாலி இரண்டு கிலோ வாங்கிவிட்டோம். முதல் கடையில் இருந்தது கல் போல மின்னியது. வேண்டாம் என்று நகர்ந்ததும் கடைக்காரர் தாமாகவே உள்ளே போய் வேறொரு கூடையைக் கொண்டுவந்தார். விரல் பட்டதும் இளகியது. எடுத்துவர முடியாத ஜோலாவை என்ன செய்வது என்று கேட்டோம். அங்கேயே ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்துக் கடையிலிருந்து லூச்சி வரவழைத்துக் கொடுத்தார். நம் பூரியைப் போன்றதுதான், மைதாவில் வெள்ளையாக இருக்கிறது. அவர் நான்கு சாப்பிட்டார். பொங்கலை ஒட்டியே இவர்களுக்கும் பௌஷ சங்கராந்தி. இந்த வெல்லத்தையும் தேங்காயையும் பூரணமாக வைத்துப் பிட்டே என்று பலகாரம் செய்வார்களாம். அதனால் கடைகளில் அப்படி ஒரு கூட்டம்.

நான் (மாலை 4.35): பெரியப்பா, படிகளும் தூண்களும் தெரியும்படி ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா (மாலை 4.37): சூப்பர்.

தம்பி (மாலை 4.38): பெரியப்பா, முழு வாக்கியம்.

நான் (இரவு 8.15): விமான நிலையச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் காவலர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு எந்தக் கடை என்று கேட்டார். அவ்வளவுதான், விட்டுவிட்டார்.

திங்கள், ஜனவரி 12

அத்தை (காலை 10.30): இருவரும் நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்ந்து இன்னும் தூங்குகிறார்கள். வெல்லத்தை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். கருப்பட்டிக்கு இருக்கிற காரல் இதில் இல்லை. புகை மணமும், பின்னால் கொஞ்சம் பால் காய்ச்சிய மணமும் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சுக்குக் காப்பிக்கு இது ஆகாது, அதற்குக் கருப்பட்டிதான். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் கால் கிலோவைத் தீர்த்துவிட்டார்கள். மீதியைத் தூக்குவாளியில் போட்டு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைப் பொங்கலுக்கு இதையே போடப் போகிறேன். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம், பார்சல் கிடையாது.

அத்தை (காலை 10.42): இன்னொன்று. சனிக்கிழமை இரவு சின்னவன் அம்மா வேண்டும் என்று அழுதான். கைப்பேசியை அணைத்துவைத்திருந்ததும் நல்லதுக்குத்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் (காலை 11.20): இப்போதுதான் பார்க்கிறேன், அத்தை. எவ்வளவு நேரம் அழுதான்?

அத்தை (காலை 11.22): பத்து நிமிடம். ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்தேன், அதைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டான்.