மாங்குளத்தில் புது நகரமா? நவி மும்பையையும் கிளிநொச்சியையும் வைத்துக் கதைப்போம்

மாங்குளத்தான்:
மாங்குளத்தை இலங்கையின் வட மாகாணத்துக்குத் தலைநகராக்க வேண்டும் என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்கிறேன். ஐந்து மாவட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஏ9 வீதியும் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியும் சந்திக்கிற இடம். 2013இல் மாங்குளத்துக்கூடாகக் கிளிநொச்சி வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. துணுக்காய் ஆளோ நெடுங்கேணி ஆளோ ஒரு கையெழுத்துக்காக யாழ்ப்பாணம் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

நவி மும்பையைப் பாருங்கள். மும்பைத் தீவு நெரிகிறது, குடாவுக்கு அக்கரையில் இன்னொரு நகரம் கட்டுங்கள் என்று 1965இல் கட்டடக்கலைஞர்களான சார்ல்ஸ் கொரேயா, பிரவீணா மேத்தா, பொறியியலாளர் சிரிஷ் படேல் மூன்று பேரும் யோசனை சொன்னார்கள். 1970இல் மகாராஷ்டிர அரசு அதைக் கட்ட சிட்கோ என்ற நிறுவனத்தை அமைத்தது. 344 சதுர கிலோமீற்றர் நிலம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்காமல் வாஷி, நெருல், பேலாப்பூர் என்று தனித்தனிச் சிறு நகரங்களாகப் பிரித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அதன் மாநகராட்சிக்குள் மட்டும் 11 இலட்சம் பேர். 2025 ஒக்ரோபரில் விமான நிலையமும் திறந்தாயிற்று. உப்பளமும் வயலும் சதுப்புமாகக் கிடந்த இடம் அது. நாங்கள் ஏன் அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கக் கூடாது?

இரணைமடுக் கமக்காரன்:
தம்பி, அதை வன்னி 1936இலேயே பார்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சனம் கூடிப்போச்சு, வேலை இல்லை என்றுதான் கிளிநொச்சியில் கொலனி போட்டார்கள். இரணைமடுக் குளம் 1920இலேயே கட்டி முடிந்திருந்தது. நீர் இருந்தது, பிறகு ஆட்கள் வந்தார்கள், அதற்குப் பிறகுதான் கடையும் பள்ளிக்கூடமும் சந்தையும். அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். நீங்கள் முதலில் கந்தோரைக் கட்டச் சொல்கிறீர்கள்.

என் தாத்தா வடமராட்சியிலிருந்து வந்து காடு வெட்டியவர். அவருக்குக் கிடைத்தது சொந்தக் காணி உறுதி இல்லை, அரச காணியில் இருக்க விடுகிற பெர்மிற். இன்றைக்கும் அதுதான் எங்களிடம் இருக்கிறது. 2009இல் யுத்தத்துக்குள்ளால் வெளியேறும்போது அம்மா அந்தப் பேப்பரை ஒரு பால்மாப் பைக்குள் வைத்து, வாயை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டி, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்துபோய்விட்டது, பரப்பளவு எழுதியிருந்த வரி மட்டும் தப்பியது. அந்தப் பேப்பரை வைத்து வங்கியில் ஒரு கடன் எடுக்க முடியவில்லை. எண்பது வருஷத்துக்கு மேல் நகரம் என்கிறார்கள், காணி இன்னும் எங்களுடையது இல்லை.

கோடு கீறுபவள்:
நான் மொரட்டுவையில் நகரத் திட்டமிடல் படித்தவள், ஊர் முழங்காவில். மாங்குளத்தான் அண்ணா நவி மும்பையின் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். அரச கந்தோர்களை அக்கரைக்கு மாற்றினால் நகரம் தானாக வளரும் என்பதுதான் அங்கே முக்கிய எதிர்பார்ப்பு. தலைமைச் செயலகம் நகரவே இல்லை. அதே காலத்தில் தெற்கு மும்பையில் கடலை நிரப்பி நரிமன் பொயின்ரில் அலுவலகக் கோபுரங்களைக் கட்டினார்கள். பெரிய கம்பனிகள் அங்கேயே நின்றுவிட்டன. 1973இல் குடாவுக்குப் பாலம் போட்ட பிறகும் வாஷி பல வருஷம் மெதுவாகத்தான் வளர்ந்தது.

பிறகு என்ன மாற்றியது? வெங்காயம், உருளைக்கிழங்கு என்று தொடங்கி மொத்தச் சந்தைகளை மும்பைக்குள்ளிருந்து வாஷிக்குக் கொண்டுவந்தார்கள். லொறிக்காரர், மூட்டை தூக்குபவர், கணக்குப்பிள்ளை எல்லோரும் சந்தைக்குப் பின்னால் வந்தார்கள். 1989இல் அந்தப் பக்கத்திலேயே துறைமுகம். 1992இல் வாஷிக்கு மின்சார ரயில். கையெழுத்து வாங்க வருகிறவர் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார். சந்தைக்கு வருகிறவருக்கு இரவில் சாப்பாடும் படுக்க இடமும் வேண்டும். நகரம் அங்கேதான் பிடிக்கிறது.

இன்னொன்று. 1971இல் மும்பையில் கிட்டத்தட்ட 60 இலட்சம் பேர். அது பொங்கி வழிந்தது. நாங்கள்? யாழ் மாவட்டத்தில் 1981இல் 7 இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள், 2012இல் 6 இலட்சத்துக்கும் குறைவு. அதே 2012இல் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதும் 92 ஆயிரம் சொச்சம். பெற்ற நகரமே மெலிந்துபோயிருக்கும்போது துணை நகரத்துக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்?

மாங்குளத்தான்:
தங்கச்சி சொல்வதில் சந்தை விஷயம் சரி. ஆனால் ஆட்கள் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஆட்கள் இல்லாதபடியால்தான் நகரம் வேண்டும் என்கிறேன். என்னுடன் படித்த பதினாறு பேரில் இப்போது ஊரில் இருப்பது நாலு பேர். மற்றவர்கள் கொழும்பு, கட்டார், கனடா. அவர்கள் யாழ்ப்பாணம் நெரிந்து போகவில்லை, இங்கே ஒன்றும் இல்லாமல் போனார்கள்.

கிளிநொச்சியில் இருக்கிற அறிவியல் நகரைப் பாருங்கள். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கே வந்த பிறகு வீதியோரம் சாப்பாட்டுக்கடை, பொடியளுக்கு அறை வாடகை, போட்டோக்கொப்பிக் கடை. யார் சொன்னது வன்னியில் வைத்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று? வைத்தோம், வந்தார்கள்.

இரணைமடுக் கமக்காரன்:
வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் குடிக்கிற தண்ணீர் எங்கே? கழுவி விடுகிற தண்ணீர் எங்கே போகும்? இதைத்தான் ஒருவரும் வாய் திறந்து சொல்கிறார்கள் இல்லை. கனகராயன் ஆறு உங்கள் பக்கத்தால் வந்துதான் இரணைமடுவுக்குள் விழுகிறது. மாங்குளத்தில் நகரம் வந்து அதன் கழிவு ஆற்றுப் பக்கம் சாய்ந்தால் கீழே 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் வயல் அதைக் குடிக்க வேண்டும்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது நாங்கள் ஏன் வீதியில் இறங்கினோம்? சிலர் எங்களைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். அவர்கள் ஒருமுறை சிறுபோகக் கூட்டத்துக்கு வந்து பார்க்க வேண்டும். குளத்தில் இத்தனை அடி, ஆகவே இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று அறிவிப்பார்கள். பக்கத்து வயல்காரனும் நானும் பங்கு போட்டு, இந்த வருஷம் அவன், அடுத்த வருஷம் நான் என்று விட்டுக்கொடுத்து விதைக்கிறோம். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். முடியும் என்றால் முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

அந்தக் குளம் வற்றினாலும் எங்களுக்குத்தான் அடி, நிரம்பினாலும் எங்களுக்குத்தான் அடி. 2018 மார்கழியில் வான் கதவுகள் திறந்தபோது என் வீட்டு அடுப்படியில் முழங்கால் அளவு தண்ணீர். நெல் மூட்டையைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டுக் கோழிகளைத் தேடிப்போனேன்.

கோடு கீறுபவள்:
நவி மும்பை மாநகராட்சிக்கு மோர்பே என்று சொந்தமாக ஓர் அணையே இருக்கிறது. அண்ணை கேட்கிற கேள்வி வரைபடத்தின் முதல் தாளில் வரவேண்டிய கேள்வி. எங்கள் ஆட்கள் முதல் தாளில் ரவுண்டபோட்டும் பூங்காவும் கீறுவார்கள்.

தருமபுரத்து மகள்:
இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு இருந்தேன். பெர்மிற் உள்ளவர் அது போதாது என்கிறார். எங்களிடம் அந்தப் பேப்பரே இல்லை. 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அப்பாவை நாலு வயதில் தூக்கிக்கொண்டு அப்பப்பா இங்கே வந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் மற்றவர்களின் தோட்டத்தில் கூலி. இருந்த துண்டு நிலத்துக்குப் பத்திரம் இல்லை. வெட்டிய கிணறும் வைத்த பலாவும்தான் அத்தாட்சி. அதை எந்தக் கந்தோரில் காட்டுவது?

நகரம் வருகிறது என்று கதை வந்தாலே காணி விலை ஏறும். நிலஅளவையாளர் நூல் பிடிப்பார். நூலுக்கு உள்ளே பேப்பர் இல்லாதவர்தான் முதலில் எழும்ப வேண்டும். நவி மும்பையில் 95 கிராமங்கள் என்று நானும் தேடி வாசித்தேன். அந்தக் கிராமத்தவர்கள் சும்மா எழும்பிப் போகவில்லை. 1984 தை மாதம் உரன் பக்கத்தில் காணி கொடுத்த கமக்காரர் மறியல் செய்தபோது பொலிஸ் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். டி. பா. பாட்டீல் தலைமையில் நடந்த போராட்டம். அதன் பிறகுதான் எடுத்த நிலத்தில் 12.5 வீதத்தை மேம்படுத்திய காணியாகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. அதுவும் பேப்பர் இருந்தவர்களுக்கு.

மாங்குளத்தான்:
அக்கா, அந்த ஐந்து பேரைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். வாசித்திருந்தேன், விட்டுவிட்டேன். அது பிழை.

ஆனாலும் நகரம் வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். போன வருஷம் என் மாமிக்கு இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு நொந்தது. மாங்குளத்தில் வைத்தியசாலை இருக்கிறது, அவருக்குத் தேவையான வைத்தியர் அன்று இல்லை. அம்புலன்ஸில் வவுனியாவுக்கு ஏற்றினார்கள். கனகராயன்குளம் தாண்டும்போது மாமி என் கையை விட்டுவிட்டார். நகரம் என்று நான் கேட்பது அந்த ஒரு வைத்தியர் இரவில் தங்குவதற்கு ஒரு வீடும், அவருடைய பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமும்.

இரணைமடுக் கமக்காரன்:
தம்பி, மாமியின் செய்தி கேட்டு மனம் கனக்கிறது. அந்த வைத்தியருக்கு வீடு கட்ட 344 சதுர கிலோமீற்றர் தேவையில்லை. இருக்கிற சந்தியைச் சுற்றிக் கட்டலாம். ஒரு மொத்தச் சந்தை, நல்ல ஆஸ்பத்திரி, அவ்வளவும் போதும். எங்கள் விளைச்சலைத் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் அங்கே விற்கலாம் என்றால் நானே முதல் லோட் ஏற்றுவேன்.

கோடு கீறுபவள்:
சந்தையும் ஆஸ்பத்திரியும் என்றால் சில நூறு ஏக்கருக்குள் அடங்கும். கழிவுநீரைச் சுத்தப்படுத்தி ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் விட இடம் இருக்கிறதா என்று நிலத்தின் சாய்வைப் பார்க்க வேண்டும். பார்த்துக் கீறித் தருகிறேன்.

தருமபுரத்து மகள்:
கீறும்போது அந்தச் சில நூறு ஏக்கருக்குள் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். பேப்பர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கிணறு யார் வெட்டினது என்று கேளுங்கள். எழுத ஆள் தேவை என்றால் சனிக்கிழமைகளில் நான் வருவேன்.