காய்க்கும் தாழையிலிருந்து தாழம்பூ கிடைக்குமா?

கேட்பவர்: வேலியோரம்
வேதாரண்யம் அருகே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் மணற்பாங்கான கொல்லையின் வேலியில் தாழை வைக்க விரும்புகிறேன். பக்கத்துக் கொல்லையில் நன்கு புதர் கட்டிய தாழை ஒன்று நிற்கிறது; ஆனால் அதில் அன்னாசி போன்ற காய் தொங்குகிறதே தவிர, மணக்கும் மடல் எதுவும் கண்ணில் பட்டதில்லை. அந்தக் காயை விதைக்கலாமா, கன்று பெயர்க்க வேண்டுமா, எப்போது நடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: மணல்வாசி
ஐயா, அது பெண் தாழை. நாம் தாழம்பூ என்று தலையில் சூடுவது ஆண் தாழையின் பூங்கொத்தை மூடியிருக்கும் வெளிர்மஞ்சள் மடல்களைத்தான். பெண் செடியிலிருந்து எத்தனை கன்று எடுத்தாலும் அவையும் பெண்ணாகவே இருக்கும். விதையோ முளைப்பதற்கே மாதக்கணக்காகும். முளைத்தது ஆணா பெண்ணா என்பதும் பூக்கும்வரை தெரியாது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அத்தர் காய்ச்சுவதற்காகத் தாழை வளர்ப்பவர்கள் ஆண் செடியின் பக்கக் கன்றுகளையே நடுவதற்கு இதுதான் காரணம். மழைக்காலத்தில் மடல் விரிந்திருக்கும்போதே ஆண் செடியைக் கண்டறிந்து, அதில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

பதில்: வாய்க்கால்கரை
கன்றெடுக்கும் முறையைச் சொல்கிறேன். அடித்தண்டில் கிளைத்து, கீழ்ப்புறம் விழுது முனைகள் தலைநீட்டத் தொடங்கிய கன்றாகப் பார்த்து, தண்டோடு ஒட்டி ரம்பத்தால் அறுத்தெடுங்கள். இலையின் இரு ஓரங்களில் மட்டுமன்றி அடிப்புற நடுநரம்பிலும் முள் உண்டு என்பதால், கனத்த கையுறை இல்லாமல் அருகே போக வேண்டாம். கீழ் இலைகளைக் களைந்து, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, குருத்தைத் தொடாமல் விட்டு, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்த பிறகு நடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதம் உங்கள் பகுதிக்குப் பொருத்தமானது. காற்றில் ஆடினால் புதுவேர் அறுந்துவிடும் என்பதால் ஊன்றுகோல் அவசியம்.

கடற்கரை மணல்மேடுகளில் நிற்கும் தாழையை மட்டும் வெட்டாதீர்கள். அந்த மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. வாய்க்கால் கரையிலோ வேலியிலோ இருப்பதை உரியவரிடம் கேட்டு எடுப்பதே முறை.

கேட்பவர்: வேலியோரம்
இருவருக்கும் நன்றி. கொல்லையின் ஒரு மூலையில் மழைநீர் தேங்கும், அங்கும் நடலாமா? தாழம்பூ மணத்துக்குப் பாம்பு வரும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.

பதில்: மணல்வாசி
உப்புக் காற்றைத் தாங்கும் செடிதான், ஆனால் இளங்கன்று தேங்கிய நீரில் அழுகிவிடும். அந்த மூலையில் மண் அணைத்து மேடாக்கிய பிறகே நடுங்கள். பாம்பு மணத்தைத் தேடி வருவதில்லை. அடர்ந்த முட்புதரும் அதில் ஒளியும் எலியும்தான் அதை அழைக்கின்றன. காய்ந்த ஓலைகளை அவ்வப்போது அறுத்து அடியைத் துப்புரவாக வைத்திருந்து, வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளியே வையுங்கள், ஏனெனில் விழுதூன்றிப் பக்கவாட்டில் நன்றாகப் பரவும். பூவுக்கு 3, 4 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.