மறு: மறு: ரோக்லைக் – தமிழில் என்ன போடலாம்? (வியாழனுக்குள் வேண்டும்)

மன்னார்குடியிலிருந்து:

வணக்கம். கோடை வகுப்புக்கு ஒரு சின்னக் கையேடு தயாரிக்கிறேன். பலருக்கும் தெரியாத நல்ல கணினி விளையாட்டுகளைப் பற்றியது. வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

முதல் பக்கம் புரோக். பிரையன் வாக்கர் எழுதி 2009இல் இலவசமாக வெளியிட்டது. சுரங்கத்துக்குள் தளம் தளமாக இறங்கிப் போகும் ஆட்டம். எழுத்து, குறி, வண்ணம், அவ்வளவுதான் திரையில். நேற்று ராத்திரி ஐந்தாம் தளத்தில் பெயர் தெரியாத மருந்து ஒன்றைக் குடித்தேன். அது தீ மருந்து, நான் நின்றதோ புல்தரை. வைக்கோற்போரில் பற்றியது போலத் திரை முழுக்கச் சிவப்பு ஓடியது. கதவு வரை போய்ப் பார்த்தேன், தப்ப முடியவில்லை. மறுபடி முதல் தளம், அதுவும் முன்பு பார்த்த தளம் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட எனக்கு மனமில்லை.

இந்த வகைக்குத்தான் ரோக்லைக் என்று பெயர். 1980இல் யூனிக்ஸ் கணினிகளில் வந்த ரோக் என்ற ஆட்டத்தைப் போன்றது என்று பொருள். ஒரு மாணவன் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ‘போக்கிரி மாதிரி’ என்று எழுதிக் கொடுத்தான். அதை அச்சிட முடியாது. சொல் தாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, போக்கிரி வேண்டாம். ஆட்டத்தின் பெயரை மொழிபெயர்ப்பதைவிட ஆட்டம் நடக்கும் இடத்தைப் பிடியுங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும்போது ‘சுருங்கை வீதி’ வருகிறது. யானைகள் போகும், நிலத்துக்குக் கீழே கரந்த வழி. சுருங்கு என்பது வேர். சுருங்கையாட்டம் என்று வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, சுருங்கை என்றால் பத்தாம் வகுப்புப் பையன் அகராதியைத் தேடிப் போவான், ஆட்டத்துக்கு வர மாட்டான். ‘ரோக் வகை’ போதுமே? 2008இல் பெர்லினில் இதை விளையாடுபவர்களும் எழுதுபவர்களும் கூடி இலக்கணம் வகுத்தபோதும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, ரகரம் மொழிக்கு முதலில் வராது. உரோக்கு என்றுதான் எழுத வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து:

ரோக்கு, உரோக்கு எதை எழுதினாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குளத்து ரோகு மீன்தான் நினைவுக்கு வரும்.

ஐயா கோபிக்கக் கூடாது. சுருங்கையைத் தனித்தமிழ் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? கிரேக்கத்தின் சூரிங்ஸ் வடமொழியில் சுருங்கா ஆகி, அதிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் குழல் என்று பொருள். நமக்குச் சுரங்கம் போதும். டெல்டாவில் எந்தக் கோயில் ஊரிலும், இங்கிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் போகிறது என்று சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். ஒவ்வொரு முறையும் மாறுவதால் ‘மாறுசுரங்க ஆட்டம்’. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. மாறிய, மாறுகிற, மாறும் மூன்றும் அதில் அடங்கும்.

கும்பகோணத்திலிருந்து:

கோபமில்லை அம்மா. ஆனால் ஒலி ஒத்திருந்தால் மட்டும் கடன் என்று ஆகிவிடாது. சுருங்கு, சுருக்கு, சுருள், சுரி எல்லாம் ஒரே குடும்பம். சுரிசங்கின் உள்வழியை விரலால் தொட்டுப் பாருங்கள், குறுகிக்கொண்டே போகும். நத்தைக்குச் சுரிமுகம் என்று பெயர். இத்தனை கிளை உள்ள சொல் கடலில் வந்து இறங்கியிருக்காது. பூம்புகாருக்குக் கப்பலில் சரக்குதான் வந்தது என்று இல்லை, சொல்லும் இங்கிருந்து ஏறிப் போயிருக்கலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அக்கா, வினைத்தொகை அழகாக இருக்கிறது. ஆனால் ‘மாறு’ முழு உண்மை இல்லை. புரோக்கில் சீடு எண் ஒன்று உண்டு. அதே எண்ணைக் கொடுத்தால் அதே சுரங்கம், அதே அறை, அதே மருந்து. வகுப்பில் பன்னிரண்டு கணினியிலும் ஒரே எண்ணைப் போட்டால் எல்லாரும் ஒரே சுரங்கத்தில் இறங்கலாம்.

இந்த ஆட்டங்களின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் விழுந்தால் இறங்கிவிடும். இங்கே செத்தால் செத்ததுதான். 26ஆம் தளத்தில், நாம் தேடிப் போகும் தாயத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பயம் இருப்பதால்தான் ஒரு மருந்தைக் குடிக்க இவ்வளவு யோசிக்கிறோம். என் ஓட்டு ‘மீளா ஆட்டம்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஐயாவுக்கும் குறை இருக்காது.

மன்னார்குடியிலிருந்து:

சீடு எண்ணுக்கு?

மயிலாடுதுறையிலிருந்து:

விதை எண். ஆடுதுறை 43 நெல்லை விதைத்தால் ஆடுதுறை 43தான் முளைக்கும்.

கும்பகோணத்திலிருந்து:

விதை எண். சரி.

தஞ்சாவூரிலிருந்து:

சரி.

மயிலாடுதுறையிலிருந்து:

ஆனால் தம்பி, மீளா ஆட்டம் என்றால் சுரங்கமே இல்லாத ஆட்டங்களும் உள்ளே வந்துவிடும். செத்தால் திரும்ப வராத போர் விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன. எண்ணைக் கொடுக்காதவரை மாறும், அது போதும்.

மன்னார்குடியிலிருந்து:

அச்சகத்தில் இருந்து போன் வந்துவிட்டது. மாறுசுரங்கத்துக்கு என்னையும் சேர்த்து இரண்டு பேர், மீளா ஆட்டத்துக்கு ஒருவர், சுருங்கைக்கு ஒருவர். தலைப்பில் மாறுசுரங்க ஆட்டம், முதல் வரியில் ‘ரோக் வகை என்றும் சொல்வார்கள்’ என்று போட்டுவிட்டேன். விதை எண்ணுக்குத் தனிப் பெட்டி. எல்லாருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:

நல்லது டீச்சர். மீளா என்ற சொல்லை உள்ளே எங்காவது ஒரு வரியிலாவது வையுங்கள். பிள்ளைகள் முதல் தடவை சாகும்போது அது தேவைப்படும்.

கும்பகோணத்திலிருந்து:

அச்சானது ஆகட்டும். சுரி என்னும் வேர் பற்றிய மடல் தயாராகிவிட்டது. தனி இழையில் அனுப்புகிறேன்.